புதுச் சட்டையின் பொத்தான்கள்

பக்கவாதம் என் வலது கையை எடுத்துக்கொண்டு வாயை விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கேதான் அது தப்புக் கணக்குப் போட்டுவிட்டது என்பாள் என் மனைவி.

அவள் பஸ் ஓட்டுகிறவள். நான் விழுந்ததிலிருந்து சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை ஓட்டுகிறாள். காலையில் என்னைக் கிளப்பிவிட ஓர் ஆள் கிடைத்தால் அவள் மறுபடி வண்டி ஏறலாம். இல்லையென்றால் மாதக் கடைசியில் அவள் இடம் வேறு யாருக்கோ. அந்த ஆளுக்குத்தான் அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. என்ன நோய் என்று மட்டும் பார்த்துத் தருகிற பணமில்லை அது. தினப்படி வேலைக்கு இன்னொருவர் கை எவ்வளவு வேண்டியிருக்கிறது என்றும் அலுவலகத்துக்கு வரச்சொல்லி நேரில் கேட்பார்கள்.

"அங்க போய் ஹீரோ வேஷம் போடாதீங்க. சாதாரண நாள்ல என்ன முடியுமோ அதை மட்டும் சொல்லுங்க," என்றாள்.

பலமாகத் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, மாப்பிள்ளை மாதிரி புதுச் சட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டேன்.

அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி.

"தனியா சாப்பிடுவீங்களா சார்?"

"பேஷா."

"குளிக்கறது?"

"நீச்சலே அடிப்பேன்."

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு பெருமூச்சு. பஸ் பிரேக் மாதிரியே இருந்தது.

"தலை சீவறது?"

"அதுக்கு முடி இருக்கணுமே மேடம்."

அதிகாரி சிரித்துவிட்டார். யாராவது சிரித்தால் போதும், நான் குடும்பத்தையே அடகு வைத்துவிடுவேன்.

"சட்டை போடறது?"

"அது என்ன பிரமாதம்."

"அப்போ ஒரு பொத்தானைக் கழட்டி மாட்டிக் காட்டுங்க."

வீட்டில் நான் போடும் சட்டைகளில் பொத்தான் வெறும் அலங்காரம். உள்ளே ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்திருக்கிறாள். இழுத்தால் பிரியும், தட்டினால் ஒட்டும். அதையெல்லாம் என் சாமர்த்தியம் என்று நம்பிக்கொண்டு திரிந்திருக்கிறேன். புதுச் சட்டையில் இருந்தது நிஜப் பொத்தான். இடது கை அதைத் தேடியது, பிடித்தது, நழுவவிட்டது. மறுபடி தேடியது.

பழக்கதோஷத்தில் அவள் கை பாதி தூரம் வந்துவிட்டது. சட்டென்று அதை மடிக்கு இழுத்து, இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டாள். ஸ்டியரிங் பிடிக்க வேண்டிய கை.

"முடியல மேடம்," என்றேன். "இதை மாட்டிவிட்டது டிரைவரம்மாதான். குளிப்பாட்டறதும் அவதான். தட்டுல எல்லாத்தையும் துண்டு போட்டுத் தர்றதும் அவதான். முன்னாடி சொன்னதை அடிச்சிடுங்க."

அதிகாரி நிதானமாக அடித்தார். "காலையில ஒரு உதவியாளர் கட்டாயம் வேணும்னு எழுதறேன். நீங்க எப்போ வேலைக்குத் திரும்பறீங்கம்மா?"

"ஆள் வந்த மறுநாள்," என்றாள்.

வெளியே வந்ததும், "முடியாதுன்னு சொல்ல ஒருவழியா வாய் வந்துடுச்சு," என்றாள். "ஆனா அதை வீட்டுக்குக் கொண்டுவராதீங்க. மேஜை துடைக்க இடது கை போதும்."

பஸ் வந்தது. ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது.