கை வைத்தவன் முதலில் இறங்க வேண்டும்

1

இந்தக் கதை எனக்கு ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் கிடைத்தது. ஆம்பூர் என்றதும் பிரியாணியா என்று முகம் சுளிக்காதீர்கள். வேறு இடத்தில் கிடைத்திருந்தால் எனக்கும் கௌரவமாகத்தான் இருந்திருக்கும். என்ன செய்ய, அங்கேதான் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தொடை வரை செம்மண்ணோடு மூன்று பையன்கள் உள்ளே வந்தார்கள். வெளியே மூன்று மலை சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. இருவர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு போனைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாமவன் எதிரில் உட்கார்ந்து கத்தரிக்காய்த் தொக்கை விரலால் கிளறிக்கொண்டிருந்தான். அவர்கள் சிரித்தபோதெல்லாம் இவனும் சிரித்தான், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதம் எனக்கு நன்றாகத் தெரிந்த சரக்கு. (போன மாதம் என் நண்பர் ஒருவரின் நாவலுக்குப் பரிசு அறிவித்தார்கள். அன்று எனக்கு வயிற்றுவலி. என்ன வலி என்று என் மனைவி மோகனாவுக்கு மட்டும் தெரியும்.)

அவர்கள் பெயர் தெரியாது. நானே வைத்துவிட்டேன். தொக்கைக் கிளறியவன் பரணிதரன். போன் வைத்திருந்தவன் ஃபஹீம். அவன் தோளில் சாய்ந்து பார்த்தவன் விஷ்ணு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கதிரவனின் பொற்கரங்கள் மலைமுகட்டைத் தழுவிய அந்த—" அடித்துவிட்டேன். அந்த மலை யாரிடமும் பொற்கரம் கேட்கவில்லை.

அடுத்தது: "பரணிதரன் நல்லவன்." இதையும் அடித்தேன். கதையின் முதல் வரியிலேயே ஒருவனை நல்லவன் என்றால் நீங்கள் இரண்டாம் வரியிலேயே அவனைச் சந்தேகிப்பீர்கள்.

மூன்றாவது நின்றது: ஃபஹீமின் சைக்கிளைக் கட்டியவன் பரணிதரன்.

வாங்கிக் கொடுத்தான் என்று சொல்லவில்லை, கட்டினான். பரணிக்கு மாதனூர். ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன். ஃபஹீம் ஆம்பூரில் ஷூவுக்கான சோலும் பசையும் பாலிஷும் விற்கும் கடைக்காரர் மகன். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு ஃபிரேமை எடுத்து, சக்கரம் ஒரு பக்கமும் கியர் ஒரு பக்கமுமாகச் சேர்த்து, மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பரணி அதை ஓட வைத்தான். பிறகு தனக்கும் ஒன்று கட்டிக்கொண்டான். அதிலிருந்து ஞாயிறுதோறும் அணைக்கட்டுப் பக்கத்துக் கரட்டில் ஆடு ஏறும் தடங்களில் இருவரும் இறங்கினார்கள்.

ஆரம்பத்தில் ஒருமுறை ஹேண்டில்பார் நட்டை முடுக்க மறந்துவிட்டான் பரணி. ஃபஹீம் வலது பக்கம் திருப்ப, சக்கரம் இடது பக்கம் போனது. ஃபஹீம் நேராகக் காரைமுள் புதரில். முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சிரித்தவன் அங்கேயே சட்டம் போட்டான்: இனிமேல் எந்த சைக்கிளில் யார் கை வைக்கிறானோ, அவனே அதை முதல்தடவை இறக்கிக் காட்ட வேண்டும்.

தண்டனையாகத்தான் வந்தது அந்தச் சட்டம். பரணிக்கு அது பதவியாகிவிட்டது. ஃபஹீமின் சைக்கிளில் அவன் முதலில் இறங்கிக் கீழே நின்று விசிலடிப்பான். அந்த விசிலை நம்பி ஃபஹீம் மேலிருந்து பரணியின் சைக்கிளில் வருவான். வாரத்தில் ஆறு நாள் இன்னொருவன் அணியப்போகும் ஷூவைத் துடைக்கிறவனுக்கு, கீழே நின்று ஒருவனை வரச்சொல்லும் அந்தக் கணம் போதுமானதாக இருந்தது.

3

பிறகு விஷ்ணு வந்தான்.

முதல் பிரதியில் விஷ்ணுவைத் திமிர் பிடித்தவனாக எழுதியிருந்தேன். அப்பா குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவர், பையன் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை, விலை உயர்ந்த சைக்கிள், மற்றவர்களைப் பார்த்து ஓர் இளக்காரம். மோகனா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கெட்டவன் மேல் வந்தால் அது கோபம், நல்லவன் மேல் வந்தால்தான் பொறாமை, உங்களுக்கா இது தெரியாது என்று கேட்டாள். கடைசி மூன்று வார்த்தைகள் தேவையே இல்லை. ஆனாலும் அவள் சொன்னது சரி.

ஆகவே விஷ்ணு நல்லவன். தண்ணீர் பாட்டிலை முதலில் மற்றவர்களுக்கு நீட்டுவான். பரணியை வாய் நிறைய அண்ணா என்பான். தன் சைக்கிளை யார் கேட்டாலும் ஓட்டக் கொடுப்பான். ஃபஹீம் கேட்டான். ஒருமுறை அதில் இறங்கிவிட்டு வந்து, "இன்னா பிரேக்குடா இது! ஒரு விரல்ல நிக்குது" என்றான். பரணி கட்டிக் கொடுத்த சைக்கிள் அப்போது ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தது. அதன் பிரேக் இரண்டு கையும் கேட்கும்.

பரணிக்கு வயிறு எரிந்தது. இதை நான் சுற்றி வளைக்கப்போவதில்லை. எரிந்தது, அவ்வளவுதான். அவனைத் திட்டவும் வழியில்லை. அண்ணா என்கிறவனை எப்படித் திட்டுவது?

4

கம்பெனியில் ஒரு ஷிப்மென்ட் அவசரம். ஞாயிறும் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பரணி போனை எடுத்தால், ஃபஹீமின் ஸ்டேட்டஸில் ஒரு படம்: நாட்றம்பள்ளிப் பக்கத்து ஏதோ ஒரு மலை, ஃபஹீமும் விஷ்ணுவும் தோளில் கைபோட்டு. கீழே ஒரே வார்த்தை: தோஸ்த்.

பரணி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். பார்த்தது ஃபஹீமுக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். சாயங்காலம் ஃபஹீமே கூப்பிட்டான். உனக்குத்தான் டூட்டியாச்சே மச்சான், அதான் சொல்லல என்றான். அதில் தப்பே இல்லை, பாருங்கள். நியாயமான காரணம். நியாயமான காரணம்போல வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது வேறொன்றுமில்லை.

[இந்த இடத்தில் பரணியின் அம்மா வந்து, ஏன்டா முகம் வாடியிருக்கு என்று கேட்கும் ஒரு பக்கம் இருந்தது. அவன் அம்மாவிடம் எதையும் சொல்ல மாட்டான் என்று மூன்று பத்தி கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எடுத்துவிட்டேன்.]

5

இப்போது ஒரு துணி. இந்தப் பத்தியை எழுதத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் விஷ்ணுவின் சைக்கிள் பரணி வீட்டு வாசலுக்கு வந்தது. பிரேக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டு, அந்த டிஸ்க், லேசாக வளைந்து உரசுகிறது. வேலூரில் சைக்கிள் கடை இருக்கிறதே என்று பரணி சொல்லிப் பார்த்தான். ஃபஹீம் போனில், "நீ பாத்தாதான் எனக்கு நிம்மதி" என்றான். பரணி உடனே ஸ்பேனரை எடுத்தான். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் ஒரு லாரியையே கழற்றிப் பூட்டியிருப்பான்.

வளைவை எடுத்தான். அருமையாக எடுத்தான். பிறகு இரண்டு டிஸ்க்கையும் ஒரு பனியன் துணியால் அழுத்தித் துடைத்தான்.

அது கம்பெனித் துணி. ஃபினிஷிங் செக்‌ஷனில் ஷூவுக்கு நிறமில்லாத பாலிஷ் க்ரீம் போட்டுத் தேய்க்கும் துணி. பார்த்தால் வெள்ளையாக இருக்கும், தொட்டால் காய்ந்திருக்கும், தேய்த்தால் மெழுகு இறங்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் எல்லாம் இந்தத் துணிதான். பைக் டேங்க், கண்ணாடி, பீரோ எதைத் துடைத்தாலும் பளபளக்கும். பிரேக் டிஸ்க்கைத் துடைத்தாலும் பளபளக்கும். பிரேக் மட்டும் பிடிக்காது.

டிஸ்க்கை வெறுங்கையால்கூடத் தொடக்கூடாது, விரல் பிசுக்கே ஆகாது என்று ஃபஹீமுக்குச் சொல்லிக்கொடுத்தவனே பரணிதான். அப்படியானால் அவன் தெரிந்தே—

முடியவில்லை. தெரிந்தே என்று எழுதிப் பார்த்தேன், என் பரணி எழுந்து போய்விட்டான். மறந்து என்று எழுதினேன், அவன் கைகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. ஆகவே துடைத்தான் என்பதோடு நிறுத்துகிறேன்.

(சைக்கிள் தெரிந்த வாசகர் கேட்பார்: தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? எப்போதும் பார்ப்பான். ஆனால் போன தடவை இதே சைக்கிளில் தெருவைச் சுற்றியபோது எதிர்வீட்டுக்காரர், புதுசு வாங்கிட்டியா பரணி என்று கேட்டார். இல்ல, தோஸ்த்தோடது என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு முறை அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.)

6

ஞாயிறு காலை ஃபஹீம் கடை வேனில் மூன்று சைக்கிளையும் ஏற்றி அடிவாரத்தில் இறக்கினார்கள். அங்கிருந்து தள்ளிக்கொண்டே ஏற்றம். ஆக, உச்சி வரை யாருக்கும் பிரேக் தேவைப்படவில்லை.

உச்சியில் பரணி விஷ்ணுவின் சைக்கிளுக்குக் கை நீட்டினான். ஃபஹீம் தடுத்தான். "இன்னிக்கு சட்டம்லாம் வாணாம் மச்சான். விஷ்ணுவே மொதல்ல இறங்கட்டும். நான் வீடியோ எடுக்கறேன்."

இங்கே மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்றில் விஷ்ணு இறங்குகிறான், விழுகிறான், பரணி கதறுகிறான். நன்றாக அழுதான், நான்தான் நம்பவில்லை. இன்னொன்றில் விஷ்ணு இறங்குகிறான், ஏதோ கொஞ்சம் பிரேக் பிடிக்கிறது, மூவரும் பிரியாணி சாப்பிடுகிறார்கள். நான் கண்ணால் கண்டது அதுதான். ஆனால் கண்டதை அப்படியே எழுத ஒரு கதைக்காரன் எதற்கு?

மூன்றாவது, நான் வைத்துக்கொண்டது.

வேறு எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பான் பரணி. அந்தச் சட்டம் அவனுக்கும் ஃபஹீமுக்கும் உரியது. முள்ளில் விழுந்து போட்ட சட்டம். நேற்று வந்தவனுக்காக அதை எடுத்து ஓரமாக வைப்பதா? ஹேண்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கினான். குரல் தடித்திருந்தது.

"கை வச்சது நானு. நான்தான் இறங்குவேன்."

இறங்கினான். முதல் திருப்பத்திலேயே பிரேக்கை அழுத்தினான். நிற்கவில்லை. அடுத்த திருப்பம் வந்தது. பரணி திரும்பவில்லை, பாறைதான் அவனை நிறுத்தியது.

கவனியுங்கள், விஷ்ணுவைக் காப்பாற்றியது பரணியின் அன்பு இல்லை. பொறாமைதான் காப்பாற்றியது. இதை எழுதி முடித்து எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

7

காறை எலும்பு முறிவு. இடது முழங்கையில் தையல். ஆம்பூரில் ஒரு நர்சிங் ஹோம்.

விஷ்ணு அழுதுகொண்டே இருந்தான். நான் விழ வேண்டியது, பரணிண்ணா எனக்காக விழுந்தாரு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். ஃபஹீம் கட்டிலை விட்டு நகரவில்லை. இட்லியைப் பிட்டு ஊட்டினான், வாயைத் துடைத்துவிட்டான். விஷ்ணு பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை. தோள் உயிர் போகிற வலி வலித்தது. பரணி அத்தனை சந்தோஷமாக இருந்து மாதக்கணக்காயிற்று. வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாத்திரை வாங்க விஷ்ணு கீழே போனான். அவன் போகட்டும் என்றுதான் ஃபஹீம் காத்திருந்தான் போலிருக்கிறது. பரணியின் நல்ல கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். சைக்கிளை வேனில் ஏற்றும்போது டிஸ்க்கைத் தொட்டதாகவும், விரலை மோந்து பார்த்ததாகவும் சொன்னான். நாளெல்லாம் அவன் விற்கிற சரக்கு. அவனுக்கா வாசனை தெரியாது.

"பாலிஷ் க்ரீம் மச்சான். ரெண்டு டிஸ்க்குலயும்." கதவை ஒரு தடவை பார்த்தான். "தெரிஞ்சு தொடச்சியா, தெரியாம தொடச்சியா?"

தெரியாது என்று பரணி சொன்னால், ஃபஹீம் நம்புவான். நம்பிவிட்டு, இனி எந்த சைக்கிளையும் அவன் கையில் கொடுக்க மாட்டான். நீ பாத்தாதான் நிம்மதி என்று சொல்ல மாட்டான். அடுத்த மாதமே வேலூர்க் கடைக்கு விஷ்ணுவோடு போவான். தெரியும் என்று சொன்னால், கைமேல் நம்பிக்கை அப்படியே இருக்கும். ஆள்மேல் இருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃபஹீம் விஷ்ணுவிடம்தான் போய்ச் சேருகிறான்.

மோகனா, உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள் என்றாள். எது உண்மை என்று கேட்டேன். அதை நீங்கள்தானே எழுதாமல் விட்டீர்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

நானும் ஐந்தாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். துடைத்தான் என்றுதான் இருக்கிறது. பரணியிடம் கேட்கலாமென்றால் அவன் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்க்கிறான். பொறாமைக்காரனுக்குத் தன் கை செய்தது தனக்கே முழுதாகத் தெரியும் என்று நினைக்கிறீர்களா? எனக்குத் தெரிந்தவரை தெரியாது. அதற்குமேல் கேட்காதீர்கள்.

விஷ்ணு மாத்திரை வாங்கிவிட்டான். படியேறி வருகிறான். ஃபஹீம் இன்னும் கையை விடவில்லை. கதவு திறப்பதற்குள் பரணி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள், வயிற்றுவலிக்காரன் நான் சொல்லிக்கொடுத்தால் விஷ்ணுவைப் படியிலேயே உருட்டிவிடுவேன்.