இரண்டு பக்கமும் ஒரே எண்கள்

பெரிய ஆஸ்பத்திரி ஒரு சின்ன லேபை விலைக்கு வாங்கியது. வாங்கியவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு இடத்துக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. அவன் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் இன்ஜினியர். லேபின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் மைத்துனன், செத்துப்போன மனைவியின் தம்பி. அவள் போனதிலிருந்து இருவருக்கும் மெயிலில்தான் பேச்சு.

இரண்டு இடத்திலும் ஒரே ஐ.பி. முகவரிகள். தெருக்கள் தனித்தனியாக இருக்கும்வரை ஒரே கதவு எண்ணால் தொல்லையில்லை. ஒன்றாக்கினால் தபால்காரன் முழிப்பான்.

லேபின் எண்களையெல்லாம் மாற்றிவிடலாம். பிறகு ஆஸ்பத்திரி ஆட்களே பார்த்துக்கொள்வார்கள், மைத்துனன் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் நடுவில் ஒரு ரவுட்டர் வைத்து, லேப் மெஷின்களை மாற்று எண்களில் காட்டலாம். அதற்கு லேபில் ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும்.

மாமியார் போனில் கேட்டிருந்தாள்: "பொண்ணுதான் போயிட்டா. இவன் வேலையாவது நிக்குமா, மாப்பிள்ளை?"

"நிக்கும்" என்றான். மேலாளரிடம் பல்லைக் காட்டி ரவுட்டருக்குச் சம்மதம் வாங்கினான்.

இணைத்த அன்று மதியம் கேன்டீன்காரர் நீளமான காகிதச் சுருளோடு வந்தார்.

"சார், டீக்குப் பில் போட்டா யாருக்கோ சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்லி வருது. என் டீயில அவ்வளவு சர்க்கரையா?"

பார்த்ததும் புரிந்துவிட்டது. லேப் மெஷின் தன் பழைய எண்ணைச் செய்திக்குள்ளேயும் எழுதி அனுப்பியிருந்தது. ரவுட்டர் உறையின் மேல் இருப்பதைத்தான் மாற்றும், கடிதத்தைப் பிரிக்காது. ஆஸ்பத்திரி சர்வர் உள்ளே இருந்த எண்ணை நம்பி உத்தரவுகளை அனுப்பியது. இந்தப் பக்கம் அந்த எண் கேன்டீன் பிரிண்டருடையது. அங்கே லேபில் நோயாளிகள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மைத்துனனைப் போனில் பிடித்தான்.

"எத்தனை மெஷின்டா இப்படி உள்ளேயே நம்பரை எழுதுது?"

"பாதிக்கு மேல, அத்தான்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கல. அக்காவுக்கு என்னன்னு டாக்டரையும்தான் நீங்க கேக்கல."

அவன் போனை வைத்துவிட்டுச் சுருளை மேலாளரிடம் கொண்டுபோனான்.

மேலாளர் சுருளைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்தார்: "எல்லா நம்பரையும் மாத்திடுங்க, இன்னைக்கே."

சாயங்காலம் லேபில் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். மைத்துனன் ஒவ்வொரு மெஷினாகச் சொல்லச் சொல்ல, அவன் புது எண்ணைத் தட்டினான். தன் சோற்றில் மண்ணைப் போடும் வேலையைக்கூட அந்தப் பையன் ஒழுங்காகச் செய்தான்.

கடைசி மெஷின் முடிந்தது. அவன் எழுந்தான்.

"உக்காருங்க. சேவ் பண்ணலைன்னா, கரண்ட் போனதும் அது பழைய நம்பருக்கே ஓடிடும். அப்புறம் கேக்க நான் இருக்க மாட்டேன்."

அவன் உட்கார்ந்து சேவ் செய்தான்.