ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கை

ஸ்கேன் எடுக்க டாக்டர் ஷஹானா இடது மணிக்கட்டில் ஜெல்லைப் பிதுக்கியபோது சொரிமுத்துவுக்குக் கூச்சமாக இருந்தது. குற்றாலம் மெயினருவிப் பக்கம் முப்பது வருடமாக ஊரார் உடம்புக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டவர், தன் கையை இன்னொருவரிடம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. பிடரியில் கட்டைவிரலை ஓட்டி, "இந்தா, இங்கன பிடிச்சிருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிற ஆள். அவருடைய இடது கை ஆறு மாதமாக மரத்துப்போகிறது. மனைவி மாடத்தியிடம்கூட மூச்சுவிடவில்லை. நேற்று ஒரு மதுரைக்காரர் வலி தாங்காமல் பலகையைவிட்டு எழுந்து, "மனுசனாய்யா நீ?" என்று கேட்டார். எவ்வளவு அழுத்தினோம் என்று இவருக்கே தெரியவில்லை. அதில் பயம் வந்துதான் இன்றைக்குத் தென்காசிக்கு பஸ் ஏறினார்.

திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ நெளிந்தன. டாக்டர் ஒரு இடத்தில் நிறுத்தி வட்டம் போட்டார்.

"இதுதான் நரம்பு அண்ணாச்சி. மணிக்கட்டுல நெரிபட்டு வீங்கிக் கெடக்கு. நீங்களா எதுவும் தேய்ச்சியளா?"

"தெனமும் அழுத்தி உருவிவிடுதேன் டாக்டரம்மா. ரத்தம் ஓடட்டும்னு."

"இனிமே அதச் செய்யாதீங்க. நெரிபடுற நரம்ப மேலயும் நெரிக்கிய."

தொழில் தெரிந்தவன் என்கிற திமிர்தான், வேறென்ன. சொரிமுத்துவுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

"அந்தக் கையயும் நீட்டுங்க."

"அது நல்ல கைலா."

"அதான். ஒப்பிட்டுப் பாக்கணும்."

சந்தோஷமாகவே நீட்டினார். சீசன் ஆரம்பித்து நாலு நாள்தான் ஆகிறது. இடது கையை ஆபரேஷனுக்குக் கொடுத்தாலும் வலதை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று வழிநெடுக மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தார்.

டாக்டர் வட்டம் போட்டார். அழித்துவிட்டு மறுபடியும் போட்டார்.

"இதுலயும் ஆரம்பிச்சிருக்கு அண்ணாச்சி. ரெண்டு கைக்குமே ஓய்வு வேணும்."

"சீசன் முடியட்டுமே டாக்டரம்மா."

டாக்டர் டிஷ்யூ பேப்பரை நீட்டினார்.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலம் பஸ் வந்தும் சொரிமுத்து ஏறவில்லை. நிழற்குடைக்கு வெளியே வலது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவிரலில் ஒரு துளி விழுந்தது தெரிந்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று, அதுவும் சுண்டுவிரலில்தான். கட்டைவிரலில் விழட்டும் என்று காத்திருந்தார்.

கண்ணைத் திறந்தபோது ஐந்து விரலும் நனைந்திருந்தன.