மரணத்துக்குக் கொப்பி இல்லை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று உம்மா சொல்லுவா. அந்தக் கோபத்தில்தான் என் ஆராய்ச்சியே தொடங்கியது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பரோக் நாடகம் பற்றிக் கொழும்பில் நான் கட்டுரை வாசித்தபோது, இதற்கும் உங்கள் முல்லைத்தீவுக்கும் என்ன சம்பந்தம் என்று பேராசிரியர் சிரித்தார். பட்டும் பொன்னுமாக மினுங்குகிற ராசாவைக் காட்டி, அவன் கையையே மரணம் வந்து பிடிப்பதையும் காட்டுவது அந்தக் காலத்து ரசனை. போர்த்துக்கேயப் பாதிரிமாரோடு கப்பலேறி வந்த அந்த ரசனை எங்கள் கரையோரக் கூத்துகளில் இன்னும் கிடக்கிறது என்றேன். சான்று எங்கே என்றார். கொண்டுவந்து மேசையில் போடுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அது 2003. போர்நிறுத்தத்தில் வன்னிக்குப் பாதை திறந்திருந்த காலம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் முல்லைத்தீவை விட்டுப் போக நேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. அங்கே சந்தையடியில் துணிக்கடை வைத்திருந்த வாப்பா, புத்தளத்து முகாம்களில் அலைந்துவிட்டு, இப்போது வவுனியா நெளுக்குளத்தில் சின்னதாக ஒரு கடை போட்டிருந்தார். அங்கிருந்துதான் நான் பஸ் ஏறினேன்.

முல்லைத்தீவுக் கரையில் ஒரு கத்தோலிக்கக் குடியிருப்பு. அங்கே கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சந்தியாப்பிள்ளை. ராசாவாக ஆடுவதும் அவரே. முழுக் கூத்தும் எழுதிய பிரதி ஒருவரிடமும் இல்லை. ஒவ்வொரு கூத்தாடிக்கும் ஒரு கொப்பி, கையால் எழுதிய நோட்டு. அதில் அவனுடைய பாட்டு இருக்கும். அவனுக்கு முன்னால் பாடுகிறவனின் கடைசி அடி மட்டும் இருக்கும். அந்த அடி காதில் விழுந்தால்தான் அவன் வாய் திறப்பான். ஒருவனிடமே முழுதும் இருந்தால் அவன் தனியாகக் கூத்துப் போட்டுவிடுவானாம்.

பதினாறு கொப்பிகளையும் வீடு வீடாகக் கெஞ்சி, சண்டை பிடித்து, சில இடங்களில் பொரித்த மீனுக்கு மயங்கி உட்கார்ந்து, பிரதி எடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. கிழிந்த வலை பொத்துகிற ஆண்கள் நடுவில் பாட்டை நிறுத்தி, பிள்ளை எழுதி முடியட்டும் என்று காத்திருப்பார்கள். இன்று நினைத்தாலும் நெஞ்சு இளகுகிறது. நான் இவ்வளவு சந்தோசமாக வேறெங்கும் வேலை செய்ததில்லை.

எல்லாவற்றையும் பொருத்தியபோது ஒன்று குறைந்தது. மரணத்தின் பாட்டு. அதுதான் என் ஆய்வுக்கு உயிர். அது இல்லாவிட்டால் பேராசிரியர் மறுபடி சிரிப்பார்.

“மரணத்துக்குக் கொப்பி இல்லைப் பிள்ளை. அதை எழுதி வீட்டுக்குள்ள வைக்க ஆர் விடுவினம்?” என்றார் சந்தியாப்பிள்ளை.

கோயிலுக்குரிய ஒருவன் மரணமாக ஆடினால் அந்த வருடம் ஊரில் சாவு விழும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் வேறு சமயத்து ஆளொருவரைக் கூப்பிட்டு, முகத்தைக் கறுப்புத் துணியால் மூடி ஆடவிடுவார்களாம். பாட்டு வாய்ப்பாடம்தான். கடைசியாக ஆடியவர் யார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்கட வாப்பாதான். முதலாளி போன பிறகு எங்கட ராசா சாகேல்ல. ஒவ்வொரு முறையும் பாதியில கலைச்சுப்போட்டு வீட்டை போறம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடு திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனுசியோடும் கதைக்கவில்லை. நான் ஊர் ஊராகத் தேடியது என் வீட்டில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறது! வாப்பா முதலில் மழுப்பினார். பிறகு, பள்ளிவாசலில் தெரிந்தால் என்ன கதை வரும் என்று பயந்துதான் இத்தனை காலம் பொத்தி வைத்தேன் என்றார். அப்போதெல்லாம் கூத்துக்குப் பட்டு விற்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவாராம்.

பாட்டை ஒலிப்பதிவு ரேப்பில் பாடச் சொன்னேன். மாட்டேன் என்றார். ராசா முன்னால் நின்றால்தான் வாயில் வருமாம். வருகிற ஈஸ்ரர் பெருநாளுக்கு அங்கேயே போய் ஆடுவதென்று முடிவானது. சந்தியாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து வாப்பா துணி கிழிக்கும்போதும் முணுமுணுத்தார். இருபது வயது குறைந்தவர் போல நடந்தார். கறுப்புத் துணியில் நான்கு யார் நீளம் வெட்டி, விற்காமல் மடித்து வைத்தார்.

2004 மார்கழி இருபத்தாறு, கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. சந்தியாப்பிள்ளையும் போனார். பதினாறு கொப்பிக்காரரில் ஒன்பது பேர் இல்லை.

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த வாப்பா தானாகவே ரேப்பைப் போடச் சொன்னார். ராசாவின் பாட்டை நீ வாசி என்றார். கடைக் கதவைச் சாத்திவிட்டு, நான் கதிரையில் ராசாவாக இருந்தேன். வாப்பா நடுவில் நின்று, என் வாப்பாவுடையதே அல்லாத ஒரு குரலில் பாடினார்.

“பட்டுடுத்த ராசாவே, படையெல்லாம் எங்கே?
கட்டி வைத்த கோட்டைக்குள்ளே காற்றடிக்குது அங்கே…”

நான் ராசாவாகப் பதில் வாசித்தேன். அவர் மறுபடி பாடினார். மூன்று முறை அப்படி வந்தது. ஒரு அடியும் அவருக்குப் பிசகவில்லை. நான்காவதுதான் கடைசி. மரணம் ராசாவின் கையைப் பிடித்து ‘எழும்பு ராசா என்னோடே’ என்று முடிக்க வேண்டும். சந்தியாப்பிள்ளை எனக்கு எழுதித் தந்த ராசாவின் கொப்பியில் அந்த அடி அவர் கையெழுத்தில் இருந்தது.

வாப்பா என் கையைப் பிடித்தார். பிறகு விட்டார்.

“இரு ராசா, இரு. நான் போறன்,” என்று பாடி முடித்தார்.

அடி பிழை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“நான் வந்து ஆடினா ஊருக்கு ஒண்டும் வராது எண்டு நம்பினவங்கள், மகள். பதினாலு வருசமா நான் போகேல்ல.”

வாப்பா, அது மூடநம்பிக்கை, கடலுக்குக் கூத்துத் தெரியாது என்று எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ரேப்பை நிறுத்தினேன். இரண்டு பேரும் அந்தச் சாத்திய கடைக்குள் இருந்து அழுதோம்.

ஆய்வேட்டில் கடைசி அடியை வாப்பா பாடியபடியே எழுதினேன். ராசாவின் கொப்பியோடு அது பொருந்தவில்லையே, திருத்துங்கள் என்றார் பேராசிரியர். திருத்த மாட்டேன் என்றேன்.