இரண்டு இடது இறக்கைகள்

அன்று தேயிலை பேக்டரிக்குக் கீழே இருந்த மைதானத்தில் துரையும் துரைசானியும் இருந்தார்கள். பெரிய கிளாக்கர் தம்பிராஜா ரோஜா மாலையைக் கையில் பிடித்தபடி நின்றார். டீமேக்கர் அவருக்குப் பின்னால் நின்றார். பதுளை டவுனில் கடை வைத்திருந்த ஜௌபர் நானா தன் வேனில் வந்திருந்தார். ஆனைக்கல் தோட்டத்துப் பெரிய வீட்டிலிருந்து, காலஞ்சென்ற பெரிய கங்காணி முத்துக்கருப்பனின் மூத்த மகன் வீரசிங்கம், அவர் மனைவி பெரியாயி, தம்பி அழகர், தம்பி மனைவி ஜெயலெட்சுமி ஆகியோர் வந்திருந்தார்கள். மேல் லயத்துத் தொழிலாளர் ஜனமும் கீழ் லயத்து ஜனமும் மண்மேட்டில் குந்தியிருந்தன. வேறு யாரும் அங்கே இல்லை. அந்த நாளைக் கண்ணால் பார்த்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் கூட்டி நிறுத்தினால் அந்த மைதானம் கொள்ளாது.

துரை சீமைக்குப் போகிற நாள் அது. தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப் போகிறது என்ற பேச்சு மடுல்சீமைப் பக்கமெல்லாம் அடிபட்டுக்கொண்டிருந்த வருடம். கிளாக்கர்மார் மாலை போட்டார்கள். டீமேக்கர் வெள்ளித் தட்டு ஒன்று கொடுத்தார். பெரிய வீட்டின் மரியாதை இன்னும் வெளியே எடுக்கப்படாமல் இருந்தது. அது வீரசிங்கத்தின் பழைய வேட்டியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஜெயலெட்சுமியின் மடியில் கிடந்தது. ஓர் இறக்கை. இன்னொன்று, அதேபோல் துணி சுற்றி, பெரியாயியின் கையில் இருந்தது. மாலையில் நல்ல நேரம் பிறந்த பிறகு, எல்லோர் முன்னிலையிலும் இரண்டையும் அழகர் செய்த மூங்கில் விமானத்தின் உடலில் பூட்ட வேண்டும் என்பது வீரசிங்கத்தின் ஏற்பாடு.

அவர் அப்படித்தான். தகப்பனார் காலத்தில் நூற்றுக்கணக்கான ஆட்கள் அந்தக் குடும்பத்தின் பெயரில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு நின்றார்கள். கங்காணிமாரின் அதிகாரம் போய், வீரசிங்கம் வெறும் கணக்கப்பிள்ளையாகிவிட்ட பிறகும், வெள்ளிப் பூண் போட்ட தகப்பனாரின் தடி கதவுக்குப் பின்னால் சாய்ந்தே நின்றது. பூணை அவரே துடைத்து வைப்பார். தடி போனாலும் அவரிடம் எழுத்து இருந்தது. பதுளையில் வெள்ளைக்காரச் சாமியார்களிடம் ஐந்து வருடம் படித்தவர். துரை ஒட்டுகிற நோட்டீஸை வாசித்துச் சொல்வதும், பிரஜா உரிமைத் தாளோ இந்தியா பாஸ்போர்ட்டுத் தாளோ வந்தால் லயத்து ஜனத்துக்கு அதன் அர்த்தம் சொல்வதும் அவர்தான். அவர் 'இங்க கை நாட்டு வை' என்றால் வைப்பார்கள். இன்னொருவரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று எவரும் நினைத்ததில்லை.

தம்பி அழகரிடம் இருந்தது கை. அதுவும் தப்பான கை. பெரிய கங்காணி வீட்டில் பீச்சாங்கைப் பிள்ளை பிறந்தது வெளியே பேசக்கூடாத சமாசாரமாக இருந்தது. சோற்றுக்கு உட்காரும்போது தகப்பனார் தன் தலைப்பாகைத் துணியால் பையனின் இடக்கையை முதுகோடு சேர்த்துக் கட்டுவார். அழகர் வலக்கையால் சாப்பிடப் பழகினான், வலக்கையால் கும்பிடவும் பழகினான். கத்தியை எடுத்தால் மட்டும் இடக்கை தானாக நீளும். அந்தக் கையால் அவன் மூங்கிலைப் பிளந்தான் என்றால் நூல் பிடித்தது போல் பிளக்கும். கல்யாணமாகி முப்பதைத் தாண்டிய பிறகும், அண்ணன் வருகிற சத்தம் கேட்டால் கத்தி வலக்கைக்கு மாறிவிடும்.

விமானப் பித்து அவனுக்கு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. சின்னச் சின்னதாகச் செய்து மலை உச்சியிலிருந்து எறிந்துகொண்டிருந்தான். அப்போதுதான் ஜௌபர் நானா அந்தத் தாளைக் கொண்டுவந்தார். ஊருக்குப் போன ஏதோ ஒரு தோட்டத்துத் துரையின் பழைய புத்தகங்களைப் பொட்டலம் கட்ட நிறுவைக்கு வாங்கியிருந்தார். அதற்குள் மடித்துக் கிடந்தது அது.

"அழகரு, பழைய காலத்து பிளேன் படம் இரிக்கி இதுல. கருவாடு சுத்திக் குடுக்க மனசு வரல்ல" என்றார். "செஞ்சிட்டீங்கன்னா மொதல்ல என்னத்தான் ஏத்திக்கிட்டுப் போகணும். மக்காவுக்கு."

"கீழ எறக்கத் தெரியாது நானா. ஏத்த மட்டுந்தான் தெரியும்."

"அதுவும் நல்லம். ரிட்டன் டிக்கட் மிச்சம்."

தாள் விரித்தால் பாய் அளவு இருந்தது. உலக யுத்தத்துக்கும் முந்தியது, மடிப்புகளில் மஞ்சளேறி நைந்திருந்தது. ஆள் ஏறாத, மோட்டார் இல்லாத சின்ன விமானம். பட்டத்தைப் போலக் கயிற்றில் இழுத்து மேலே ஏற்றினால், கயிறு கழன்றுகொள்ளும். அது காற்றில் மிதந்து வட்டமடித்து இறங்கும். இறக்கை இரண்டு பாகம். தாளில் இடது இறக்கை மட்டும் முழு அளவில் வரைந்திருந்தது. அதன் அடியில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது.

துரை பங்களாவுக்கு ஏதோ வேலையாகப் போனபோது அழகர் இதைச் சொல்லியிருக்கிறான். துரை கண் விரிந்து, தானும் சின்ன வயதில் இப்படிச் செய்தவன் என்றார். "நீ இது செய். பறக்கிறது எனக்குக் காட்டு. நான் போக முன்னே உன் பேர் வொர்க்ஷாப்புக்கு எழுதி வைக்கிறது" என்றார். ஃபிட்டர் வேலை. மாதச் சம்பளம், தனி வீடு. அந்த வேலை கிடைத்தால் அழகர் இங்கேயே இருப்பான். கிடைக்காவிட்டால் ஜெயலெட்சுமியின் ஆட்களோடு, இந்தியாவுக்குத் திரும்பிப் போகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டியதுதான். துரை வாயால் வந்த சொல் என்றதும் வீரசிங்கம் அதைக் குடும்பக் காரியமாக எடுத்துக்கொண்டார். தாளைச் சாமி அறையில் விரித்து, கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துத் தம்பிக்குச் சொன்னார்.

அந்த ஒரு வரியில் கொஞ்சம் நின்றார். 'மேக் ஒன் ஆப்பசிட் ஹேண்ட்.'

"ஒண்ண மாத்துக் கையால செய்யணும்னு போட்டிருக்கு" என்றார்.

அழகர் நிமிர்ந்து பார்த்தான். ஜெயலெட்சுமி கதவோரம் நின்று சிரித்தாள். "வெள்ளக்காரன் தாள்லயாவது ஒங்க கைக்கு ஒரு எடம் போட்டிருக்கான் பாருங்க."

"எனக்கு மாத்துக் கைன்னா சோத்தாங்கைதானே" என்றான் அழகர். தாளையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாகக் கேட்டான். "அண்ணே, கையச் சொல்றானா, றெக்கையச் சொல்றானா?"

"ஹேண்ட்னா என்னா?"

"கை."

"பெறகென்னா? றெக்கைக்கு வேற வார்த்த இருக்கு. பாஸ்போட்டுக்கே அர்த்தம் சொல்றவனுக்கு இது தெரியாதா?"

பேச்சு அதோடு முடிந்தது. அவர் மனதில் அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. இரண்டு இறக்கையையும் ஒரே கையால் செய்தால் பாரம் ஒரு பக்கம் சாயும். அதனால்தான் வெள்ளைக்காரன் கையை மாற்றச் சொல்கிறான். அவர் அதை நம்பினார். அழகரும் நம்பினான், அல்லது தன்னை நம்ப வைத்துக்கொண்டான்.

முதல் இறக்கையை அவன் பெரிய வீட்டின் முன் விறாந்தையில், பகலில், எல்லோரும் பார்க்க இடக்கையால் செய்தான். அச்சடித்த தாள் கொடுத்த அனுமதி. எலும்புக்கு மூங்கில் சிம்பு. அதன்மேல், தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாளோடு வைக்கிற மெல்லிய தாள். ஜெயலெட்சுமி காய்ச்சிய கஞ்சியைப் பூசி வெயிலில் காயவைத்ததும் அது பறைத்தோல் போல இறுகியது. தடித்து உருண்ட முன் விளிம்பு, கத்திபோல் மெலிந்த பின் விளிம்பு. விரலால் தட்டிப் பார்த்த வீரசிங்கத்துக்கு ஒரு கணம், கட்டிப்போட்ட அந்தத் துணியின் நினைவு வந்தது. உடனே எழுந்து, இறக்கையைத் தன் வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்துக் கதவைப் பூட்டினார். எலி வரும், ஆள் கண் படும். விமானத்தில் பூட்டுகிற நாள்வரை அது வெளியே வரக்கூடாது என்றார்.

அதனால் இரண்டாவது இறக்கையைச் செய்யும்போது முதல் இறக்கை பக்கத்தில் இல்லை. அதே தாளை, அதே படத்தை, அப்படியே மேசையில் விரித்து வைத்து, அழகர் வலக்கையால் மூங்கிலை அறுத்தான். கத்தி வழுக்கியது. அதே கையின் பெருவிரல் கிழிந்தது. ஜெயலெட்சுமி கட்டுப் போட்டுவிட்டு, "பீச்சாங்கையாலயே செஞ்சிடுங்க, யாரு பாக்கப் போறா" என்றாள். "தாள்ல போட்டிருக்கு" என்றான். கடைசியில் இறக்கை நுனியில் லேசாக ஒரு முறுக்கலோடு முடிந்தது.

மைதானத்தில் நல்ல நேரம் பிறந்தது. பெரியாயி துணியை அவிழ்த்தாள். ஜெயலெட்சுமியும் அவிழ்த்தாள். அழகர் இடப்பக்கத்தைப் பூட்டினான். அது உடலோடு பிறந்தது போலப் பொருந்தியது. வலப்பக்கத்தை எடுத்தான். தடித்த விளிம்பு வாலைப் பார்த்தது. திருப்பி வைத்தான், இப்போது விளிம்பு முன்னால் வந்தது, ஆனால் இறக்கையின் வயிறு மேலே வந்தது. மறுபடி திருப்பினான். மண்மேட்டில் யாரோ இருமினார்கள். அழகரின் முகம் வெளிறுவதை வீரசிங்கம் பார்த்தார். என்ன நடந்தது என்று அந்த முகத்தைப் பார்த்த கணத்திலேயே அவருக்கும் புரிந்துவிட்டது. மாற வேண்டியது கையல்ல. ஒன்று இடது என்றால் மற்றது வலது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி.

துரை குனிந்து பார்த்தார். "இது என்னா? ரெண்டும் லெஃப்ட்!" என்று உரக்கச் சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் இல்லை. தாளைக் கேட்டு வாங்கி, அந்த வரியில் விரலை வைத்தார். "இது யார் படிக்கிறது?"

மைதானம் முழுவதும் வீரசிங்கத்தைப் பார்த்தது. அழகர் மட்டும் பார்க்கவில்லை. அவன் இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீரசிங்கத்தின் கண்ணில் அப்போது பட்டது துரை அல்ல. மண்மேடு. தாள்களோடு அவரிடம் வந்தவர்கள், அவர் சொன்ன இடத்தில் கைநாட்டு வைத்தவர்கள், இன்னும் வைக்கப் போகிறவர்கள். ஒரு வரியைத் தப்பாக வாசித்தவன் நம் தாளை எப்படி வாசித்தானோ என்று ஒருவன் நினைத்துவிட்டால், கதவுக்குப் பின்னால் நிற்கிற தடி வெறும் விறகு. தம்பிக்கு ஒரு வேலை போனால் போகும். வீட்டுக்குப் பெயர் போனால்?

"நான் படிச்சுச் சொன்னது சரிதான் தொரை" என்றார். "இவன் கைதான் கோளாறு. பீச்சாங்கை. எதச் செஞ்சாலும் எடதாத்தான் வரும்."

முதலில் டீமேக்கர் சிரித்தார். பிறகு மண்மேடு சிரித்தது. "ரெட்ட எடது!" என்று கீழ் லயத்துப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது; அன்றைக்கே அது அழகரின் பெயராயிற்று. ஜௌபர் நானா சிரிக்கவில்லை. அவர் வேனின் கதவைத் திறந்து மூடினார். துரை அழகரின் தோளைத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். தூசி அடங்கும்வரை வீரசிங்கம் கைகட்டி நின்றார். வொர்க்ஷாப்புக்கு யார் பெயரையும் துரை எழுதி வைக்கவில்லை. புதிதாக வந்த துரை தன் ஆளைக் கூட்டிவந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியாயி அடுப்படிக்குள் போய்விட்டாள். ஜெயலெட்சுமி முற்றத்திலேயே நின்றாள். பெரிய வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து மூத்தவர் முகம் பார்த்துப் பேசாதவள்.

"மாமா, ஒங்க அப்பா துணியால கட்டுனாரு. நீங்க வாயால கட்டிட்டீங்க."

"வீட்டுப் பேரு காப்பாத்தத்தான்..."

"அவரும் இந்த வீட்டுப் புள்ளதான் மாமா."

அவள் முறுக்கிய இறக்கையைக் காலால் மிதித்து ஒடித்து அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போனாள். அழகர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வீரசிங்கம் பதில் வைத்திருந்தார். கேட்காதவனுக்கு என்ன பதில் சொல்வது? அந்த மாதம் அவன் இந்தியாவுக்குப் பெயர் கொடுத்தான். தாள் வந்தபோது அண்ணனிடம் வாசிக்கக் கொண்டுவரவில்லை. பதுளைக்கு, ஜௌபர் நானாவிடம் கொண்டுபோனான். அதுதான் வீரசிங்கத்துக்கு உறைத்தது.

பதுளை ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவர்களின் அழுகையில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. வீரசிங்கம் அழவில்லை. கோட்டு போட்டு, தகப்பனாரின் தடியை ஊன்றி வந்திருந்தார். சாமி அறைத் திருநீற்றைத் தாளில் மடித்து எடுத்து வந்திருந்தார். ஜன்னலருகே போய், விரல் நுனியில் திருநீறு எடுத்து நீட்டினார். அழகர் கையை நீட்டினான். இடது கை.

கூட்டத்தில் பலர் பார்த்தார்கள். திருநீற்றை யாரும் அந்தக் கையில் வாங்குவதில்லை. யாரும் அந்தக் கையில் கொடுப்பதுமில்லை. பெருவிரலில் கத்தித் தழும்பு இல்லாத கை, உள்ளங்கை விரிந்து, அசையாமல் இருந்தது. "கைய மாத்துடா" என்று சொல்ல வாயெடுத்தார். ரயில் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அவர் விரலிலிருந்த திருநீறு பிளாட்பாரத்தில் உதிர்ந்தது.

லயத்து ஜனம் இன்னும் அவரிடம்தான் தாள்களைக் கொண்டுவருகிறது. அவர் கண்ணாடியை மாட்டி வாசிக்கிறார். சில வரிகளில் நிற்கிறார். ஒருவரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை.

பீச்சாங்கைக்காரன் கை பட்டதால்தான் அந்த விமானம் கெட்டது என்று மடுல்சீமைப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. முறுக்கி நின்றது வலக்கையால் செய்த இறக்கை. இடக்கையால் செய்தது பரணில் இருக்கிறது. அதில் ஒரு கோணல் இல்லை. பரண் கதவைத் திறந்தால் உள்ளே வரும் காற்றுக்கு, அது இன்னும் ஒரு பக்கமாக எழும்பப் பார்க்கும்.