நிதாய் வெட்டிய ராணி

சால்கியா சீட்டு மன்றத்தில் நிதாய் தாராவைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் குறைவு. கசாப்பு என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். பெயர் வைத்தது பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் அவருடைய ஜோடி பிபாஸ் கோலே. ஒன்பது வருடங்களுக்கு முன் ஓர் ஆட்டத்தில், எதிராளி இறக்கிய உதவாக்கரைச் சீட்டை நிதாய் துருப்பு போட்டு வெட்டினார். கோப்பை போயிற்று.

"கையில கத்தி இருந்தா கண்ணுல பட்டதையெல்லாம் வெட்டிடுவியாடா, கசாப்பு?" என்று பிபாஸ் அன்று கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. நிதாயின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், தெருமுனையில் "கசாப்பு வீடு எது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

பிபாஸுக்குச் சொந்தமாக வார்ப்படப் பட்டறை இருந்தது. நிதாய் சணல் ஆலையில் குமாஸ்தா. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பிபாஸ் நிதாயின் சீட்டுகளை மேசையில் விரித்து, அவர் எங்கே தப்பு செய்தார் என்று சுற்றி நிற்பவர்களுக்குக் காட்டுவார். நாங்கள் சிரிப்போம். நானும்தான். ஆனால் அந்த ஒன்பது வருடத்தில் நிதாய் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். எப்போது வெட்ட வேண்டும், எப்போது துருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்பதில் மன்றத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெரும்பாலும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்ததால் எனக்கு இது தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் துர்கா பூஜைக்கு முன்பு நிதாயின் மனைவி பாருல் இறந்துபோனாள். ஜனவரியில் ஜில்லா இறுதி ஆட்டம். ஜெயிக்கிற ஜோடிக்கு மாநில அணியில் இடம். அறுபத்தாறு வயதான பிபாஸ் ஒருமுறைகூட அந்த அணியில் ஆடியதில்லை.

மதிய இடைவேளையில் எல்லாரும் லுச்சிப் பூரி தின்றுகொண்டிருந்தோம். காலையில் நிதாய் மெதுவாக ஆடினார் என்று பிபாஸுக்குக் கோபம். எதிர்ஜோடியைப் பார்த்துச் சொன்னார்:

"இவன்கூட இருந்தா யாருக்கும் ஆயுசு குறைஞ்சிடும். பாருல் இருந்தா கேட்டுப் பாருங்க, அவளே சொல்லுவா."

ஒருவர் பாதி சிரித்து நிறுத்திக்கொண்டார். நிதாய் கையிலிருந்த லுச்சியைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

கடைசி ஆட்டம் வரை இரண்டு ஜோடிகளும் ஏறக்குறைய சமம். அதில் எதிர்ஜோடியில் சுகேந்து என்ற இளம் எஞ்சினியர் ஸ்பேடைத் துருப்பாக வைத்து, பதின்மூன்றில் பத்துப் பிடி எடுப்பதாக ஏலம் கேட்டிருந்தான். நிதாயும் பிபாஸும் நான்கு பிடி எடுத்துவிட்டால் அவன் தோற்றான், போட்டியும் இவர்களுக்கு.

நிதாய் ஹார்ட் இறக்கினார். எதிரே இருந்த பிபாஸ் ஏஸால் ஒரு பிடி, ராஜாவால் ஒரு பிடி எடுத்துவிட்டு மூன்றாவது ஹார்ட்டையும் இறக்கினார். அதற்குள் சுகேந்து கையிலும் ஹார்ட் இல்லை, நிதாய் கையிலும் இல்லை. சுகேந்து ஸ்பேட் ராணியால் வெட்டினான். அடுத்து நிதாய் போட வேண்டும். வழக்கம்போல அவர் பின்னால் நின்றிருந்த நான் பார்த்தேன், அவரிடம் ஸ்பேடில் ராஜா, பத்து, ரெண்டு இருந்தன.

ராணியை ராஜாவால் வெட்டினால் மூன்றாவது பிடி உடனே வரும், ஆனால் அதோடு சரி. மிச்சமிருக்கும் பத்தையும் ரெண்டையும் சுகேந்துவின் ஏஸும் ஜாக்கும் வாரிக்கொண்டு போய்விடும். வெட்டாமல் ஏதாவது ஒரு கிளாவரைக் கழித்தால், ராணியை இழந்துவிட்ட சுகேந்துவால் இரண்டையும் அடக்க முடியாது. பின்னால் ராஜாவுக்கு ஒரு பிடி, பத்துக்கு ஒரு பிடி கிடைக்கும்.

நிதாய் ஒரு சின்ன கிளாவரைப் பாதி உருவினார். பிறகு நிமிர்ந்து பிபாஸைப் பார்த்தார். பிபாஸ் கூரையைப் பார்த்தபடி, மேசைக்கே கேட்கும்படி பெருமூச்சு விட்டார். கிளாவர் மறுபடி உள்ளே போனது. நிதாய் ஸ்பேட் ராஜாவை எடுத்து ராணியின் மேல் வைத்தார்.

சுகேந்து பத்துப் பிடியும் எடுத்துவிட்டான்.

"வெட்டிட்டியேடா," பிபாஸ் எழுந்து நின்று கத்தினார். "ஒன்பது வருஷமா மண்டையில ஆணி அடிச்ச மாதிரி சொல்லியும்..."

"உக்காருங்க பிபாஸ்தா," என்றார் நிதாய், எப்போதும்போல அண்ணன் முறை வைத்து. "கிளாவரைப் போட்டிருந்தா ராஜாவும் நின்னிருக்கும், பத்தும் நின்னிருக்கும். நாலு பிடி. நீங்க மாநில அணிக்குப் போயிருப்பீங்க. அதெல்லாம் எண்ணிப் பார்த்துட்டுத்தான் வெட்டினேன்."

அவர் குரல் தாழ்ந்தே இருந்தது. எதிராளிகள் அதற்குள் எழுந்து போய் மற்றவர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். மேசையருகே இருந்தது நாங்கள் மூவர்தான்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

பிபாஸ் உட்கார்ந்தார். "பாருலைச் சொன்னதுக்கா? வேடிக்கைக்குத்தானேடா சொன்னேன்."

"அவ பேரை இனிமே சொல்லாதீங்க."

மறுவாரம் மன்றத்தில் பிபாஸ் ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: அவன் வேண்டுமென்றே வெட்டினான், என்னை அழிக்கத்தான் வெட்டினான். பொருளாளர் ஹராதன் சிரித்துவிட்டார்.

"பிபாஸ்தா, அந்த அளவுக்கு மூளை அவனுக்கு ஏது? நீங்களே எங்களுக்கு விரிச்சுக் காட்டினதுதானே?"

பிபாஸ் என் கையைப் பிடித்தார். "கோகுல், நீ பின்னாடியேதானே நின்னே. கிளாவரை எடுத்துட்டு உள்ளே வெச்சானா இல்லையா? அவனே சொன்னதையும் கேட்டியே. சொல்லு."

"நான் அப்போ டீ குடிக்கப் போயிருந்தேன், பிபாஸ்தா."

அவர் என் முகத்தையே பார்த்தார். அவர் கெஞ்சுவது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இனி யார் அவரோடு ஜோடி சேர்வார்கள்? தோல்விக்கெல்லாம் சதி என்று சொல்லும் கிழவர் என்று பேச்சு பரவிவிட்டது. தினமும் வந்து, அடுத்தவர் ஆட்டத்தை எட்டிப் பார்ப்பார். வாயைத் திறந்தால், "ஆடறவங்களை ஆட விடுங்க" என்பார்கள்.

மார்ச் மாதம் நிதாய் என் வீட்டுக்கு வந்தார். "கோகுல், எனக்கு ஜோடி இல்ல. நாம சேர்ந்து ஆடலாமா?"

மன்றத்திலேயே நல்ல ஆட்டக்காரர் கேட்கிறார். ஆனால் அந்த ராஜா மேசைக்கு வந்த விதத்தை நான் பார்த்திருந்தேன். அந்த மனிதருக்கு எதிரே உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

"வீட்ல ஒத்துக்க மாட்டாங்க, நிதாய்தா," என்றேன்.

"சரி," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.