நெஞ்சுக்குள் ஏறிய இரைப்பை

தனக்குக் காசநோய் என்று ஜெபிஷுக்குத் தெரிவதற்குள் பாதித் தக்கலைக்குத் தெரிந்துவிட்டது.

குவைத்தில் வெல்டர் வேலை. அதற்கான மருத்துவப் பரிசோதனையில், எக்ஸ்ரேயில், இதயத்துக்குப் பின்னால் உருண்டையாக ஒரு நிழல். பரிசோதித்த மெடிக்கல் சென்டர் டாக்டர், ஆள் அனுப்பும் ஏஜென்ட் பெனினுக்கு நேரே போன் போட்டு டிபி என்றார். பெனின் கண்டவரிடமெல்லாம் சொன்னான். சாயங்காலமே ஜெபிஷின் அண்ணன் மனைவி ராகேல் அவனுக்குத் தனித் தம்ளர் வைத்தாள்.

"பிள்ளைங்க இருக்க வீடு மக்கா. கோவிக்காதே."

ஜெபிஷின் மனைவி பிரீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா? குனிஞ்சா நெஞ்செரியும், புளிச்சத் தண்ணி மேல வரும். அதுக்குப் பேரு டிபியா அக்கா?"

மறுநாளே நாகர்கோவிலுக்கு இழுத்துப் போனாள். டாக்டர் சத்தியபாய் சளியைச் சோதித்தார், ஒன்றுமில்லை. உணவுப்பாதை எக்ஸ்ரேயில் தெரிவதற்காக வெள்ளைக் கரைசலைக் குடிக்க வைத்துப் படமெடுத்தார்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தடுப்பா ஒரு தசை, உதரவிதானம். அதுல பெரிய வழி மூணு. ரெண்டு, ரத்தக்குழாய்களுக்கு. மூணாவது உணவுக்குழாய்க்கு. அந்த வழியைச் சுத்தியிருக்க தசை இறுக்கிப் பிடிச்சு, தின்னது மேல வராமப் பார்த்துக்கிடும். இவருக்கு அது தளர்ந்து இரைப்பை கொஞ்சம் மேல ஏறியிருக்கு. நிழல் அதுதான். மாத்திரை போதும், வேலைக்குப் போகலாம்."

அங்கிருந்து நேரே மெடிக்கல் சென்டர். சென்டர் டாக்டர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சந்தேகம்னுதானேம்மா எழுதினோம்."

"எழுதினது சந்தேகம். போன்ல சொன்னது டிபி. நெஞ்சு இவருக்கு, சேதி பெனினுக்கா?"

"ஆள் அனுப்புறவர்கிட்டச் சொல்றது வழக்கம்."

"அதே வழக்கப்படி இப்பவும் போடுங்க. ஸ்பீக்கர்ல."

டாக்டர் போட்டார்.

"சாரே, அந்த டிபிக்காரனுக்குப் பதிலா வேற ஆளு பார்த்தாச்சு," என்றான் பெனின்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஜெபிஷுக்கு டிபி இல்லை. தப்பு எங்க பக்கம். ஃபிட்னு எழுதித் தர்றேன்."

பிரீனா போன் பக்கம் குனிந்தாள்.

"விசா யாரு பேர்ல பெனின்?" என்றாள் பிரீனா.

"ஜெபிஷ் பேர்லதான்... சரி, அவனையே ஏத்திவிடுதேன்."

ஜெபிஷ் நிம்மதியாக எழுந்தான். பிரீனா எழவில்லை.

"விசா சரியாச்சு. ஊரெல்லாம் டிபின்னு பறஞ்சியே, அந்தப் பேச்சை எப்பத் திருப்புவ? வீட்டுக்கு வா. ராகேல் அக்கா முன்னால நின்னு டிபி இல்லைன்னு சொல்லு. நாங்க கிளம்பியாச்சு."